சுவருக்கு அப்பால் வெடித்த மருந்து



நம் ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் சர் ஜகதீச சந்திர போஸைத் தேர்ந்தெடுத்தேன். செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் சிவகாசிக்காரனான எனக்கு அவர் வேறு ஒரு காரணத்துக்காக முக்கியமானவர். கருமருந்தை யாரும் தொடாமல், கம்பி கூட இல்லாமல், தூரத்தில் இருந்தே வெடிக்க வைத்துக் காட்டிய மனிதர் அவர்.

1858 நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. நினைத்திருந்தால் மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருக்கலாம். அவரோ தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே ஒரு மீனவர் மகனோடும் வீட்டு வேலைக்காரர் மகனோடும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார் போஸ். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இங்கே முதல் செமஸ்டரில் திருதிருவென்று முழித்த என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்புக்கு முடியாமல் போகவே அதை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். அப்போது ஐரோப்பியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. இவருடையது தற்காலிக வேலை என்று சொல்லி அதிலும் பாதிதான் என்றார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தைக் கையால் தொடாமல் மூன்று வருடம் பாடம் நடத்தினார். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது. அப்பாவின் கடனை அடைக்க அது உதவியது. இதற்கிடையே 1887-இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி அபலா, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் ஒரு சின்ன அறை. கருவி செய்ய உதவியவர் உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவர். அதை வைத்துக்கொண்டுதான் மில்லிமீட்டர் அளவுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அலைகளை வாங்கிக்கொள்ள அவர் வைத்த புனல் போன்ற வாய்தான், நாம் இன்று பாடத்தில் படிக்கும் ஹார்ன் ஆன்டெனா.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னால் அதைச் செய்து காட்டினார். அலை கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் 75 அடி தூரம். நடுவில் சுவர்கள். வழியில் வங்காளத்தின் துணை ஆளுநரே நின்றார். அவரையும் கடந்து போன அலை அங்கே மணியை அடித்தது, மருந்தையும் வெடிக்க வைத்தது!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மருந்தைக் கொளுத்தியது அலை இல்லை. அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது. அலை பட்டதும் வாங்கியின் மின்தடை குறையும், கொஞ்சம் கரண்ட் ஓடும், அது ரிலேயை இழுக்கும், ரிலே இன்னொரு பேட்டரியின் சுற்றை மூடும். வேலையைச் செய்தது அந்த பேட்டரிதான். சின்ன சைகை, பெரிய வேலை. அந்தக் காலத்து வாங்கிகளில் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் தட்டிவிட வேண்டும். போஸ் தூளுக்குப் பதில் சின்ன எஃகுச் சுருள்களை வைத்து, அழுத்தத்தைத் திருகினால் சரிசெய்யும்படி அமைத்தார்.

எங்கள் குழுவின் புராஜெக்ட்டும் இதே தத்துவம்தான். மொட்டை மாடியில் இரண்டு ஆன்டெனா. மாற்றி மாட்ட வேண்டுமென்றால் ஒருத்தர் மேலே ஏறணும், மழையா இடியா என்று பார்க்க முடியாது. இப்போது கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் இருந்து ஒரே ஒரு எழுத்தை அனுப்புகிறோம். கம்பி வழியாகப் போய் மாடியில் உள்ள ரிலேயை அது தட்டுகிறது, ஆன்டெனா மாறுகிறது. முதல் நாள் அந்த 'டிக்' சத்தம் கேட்டபோது எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வந்தது.

எங்கம்மா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துற வேலை பார்க்கிறாங்க. கொஞ்சம் உராய்வு போதும், என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வலது கையில் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருக்கும். அந்தக் கையால்தான் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாங்க. 1895-லேயே மருந்துக்கும் மனுசனுக்கும் நடுவில் 75 அடியும் சுவரும் வைத்துக் காட்டிவிட்டார் ஒருவர். இத்தனை வருடம் கழிந்தும் எங்கம்மா கை மருந்துக்குள்ளேதான் இருக்கிறது.

ரேடியோ அலையை மருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே ஆபத்தாக முடியலாம் என்பதும் தெரியும். கம்பி போதும். சுவருக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் மெஷின், அதுதான் வேண்டும்.

போஸ் தன் கண்டுபிடிப்பை வைத்துக் காசு பார்க்கவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-இல் ஒரு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பிறகு செடிகளின் ஆராய்ச்சிக்குப் போனார். 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் காலமானார்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் வெளியூர் போவோம், போக வேண்டியதுதான். ஆனால் ஒரு ரிலேயும் 75 அடி கம்பியும் நம் ஊருக்குக் கடன் இருக்கிறது. அதை நாம்தான் அடைக்க வேண்டும்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை