பாட்டு நினைவிருக்கிறது, எழுதியவரை மறந்துவிட்டோம்: குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா

ஒரு தட்டு நிறைய எட்டு லட்டு. பாதியைக் கிட்டு எடுத்துக்கொள்கிறான். மீதியைத் தங்கை பட்டு தின்று தீர்க்கிறாள். கடைசியில் தட்டு காலி.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தாலும் பட்டணத்துப் பாலர் பள்ளியில் படித்திருந்தாலும், இந்தப் பாட்டு உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். பேரப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது வாயில் தானாக வந்துவிடும். ஆனால் எழுதியவர் யார் என்று கேட்டால் யோசிப்போம். பாட்டி காலத்திலிருந்து வாய்வழியாக வந்த பாட்டு என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதை எழுதியவர் அழ. வள்ளியப்பா. குழந்தைக் கவிஞர் என்று தமிழுலகம் அழைத்த மனிதர். தம் வாழ்நாள் முழுவதையும், கடைசி நாளையும் சேர்த்து, குழந்தைகளின் புத்தகத்துக்கே கொடுத்தவர்.

ராயவரத்துச் சிறுவன்

புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள ராயவரம் என்ற ஊரில் 1922 நவம்பர் 7ஆம் தேதி வள்ளியப்பா பிறந்தார். தந்தை அழகப்பச் செட்டியார், தாயார் உமையாள் ஆச்சி. நகரத்தார் குடும்பம். அந்த வட்டாரத்து நகரத்தார் பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை எனக் கடல் கடந்து தொழில் செய்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்களில் இன்றும் தைப்பூசம் கொண்டாடுகிறோம்.

பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு நண்பர்களுடன் நடந்தே போய்ப் படித்தார். வழியில் ஒரு கூடாரப் படக்கொட்டகை இருந்தது. அதன் விளம்பரத்தில் இருந்த படத்தின் பெயரையும் கட்டணத்தையும் வைத்தே ஒரு பாட்டைக் கட்டிவிட்டார் அந்தச் சிறுவர். நண்பர்கள் அதைச் சேர்ந்து பாடிக்கொண்டு நடந்தார்கள். அப்போது அவருக்கு வயது 13 என்பார்கள். கண்ணில் பட்டதைப் பாட்டாக்குவதும், அதைப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவதும் அன்றே தொடங்கிவிட்டன.

வங்கியில் வேலை, குழந்தைகளுக்கு எழுத்து

1940இல் வேலை தேடிச் சென்னைக்கு வந்தார். வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் காசாளர் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியராக இருந்த தி. ஜ. ர. இந்த இளைஞரின் எழுத்தார்வத்தைக் கண்டு ஊக்கம் கொடுத்தார். அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியில் சேர்ந்த வள்ளியப்பா, ஏறக்குறைய 40 ஆண்டுகள் வங்கி ஊழியராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

எழுத்து அவருக்குப் பிழைப்பு அல்ல. பகலெல்லாம் கணக்கு வழக்கு. அது முடிந்த பிறகுதான் பாட்டு, கதை, பத்திரிகை, சங்க வேலை எல்லாம். வேலைக்குப் போய்க்கொண்டே பொதுத்தொண்டு செய்யும் நம் தமிழாசிரியர்களுக்கும் கோயில், சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இந்த வாழ்க்கை நன்றாகவே புரியும்.

1944இல், 22 வயதுகூட நிரம்பாத நிலையில், மலரும் உள்ளம் என்ற அவரது முதல் தொகுப்பு வெளிவந்தது. அதில் இருந்தவை 23 பாடல்கள்தாம். வாழ்நாளில் அவர் எழுதிய பாடல்கள் 2,000க்கும் மேல்.

அவருக்கு முன்பு பாரதியார் பாப்பாவுக்குப் பாடியிருந்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் குழந்தைகளுக்காக அருமையான பாடல்களைத் தந்திருந்தார். அந்தப் பெரியவர்களுக்கு அது பல பணிகளில் ஒன்று. வள்ளியப்பாவோ அதையே தம் முழுப் பணியாக எடுத்துக்கொண்டார். பெரியவர்களுக்குக் கவிதை எழுதிப் பெயர் வாங்கும் திறமை இருந்தும் அந்தப் பக்கம் அவர் போகவில்லை.

பாட்டின் ரகசியம்

லட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். வரிக்கு வரி ஒரே ஓசையில் முடியும். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. இன்னும் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் இரண்டு முறை கேட்டால் சொல்லிவிடும். எட்டில் பாதி நான்கு, நான்கும் நான்கும் எட்டு என்ற கணக்கும் உள்ளே இருக்கிறது. ஆனால் கணக்குப் பாடம் நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. பங்கு போட்டுத் தின்ன வேண்டும் என்ற பண்பும் அதில் உண்டு. அதையும் அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை. மல்கோவா மாம்பழப் பாட்டும் இப்படித்தான். பாடும்போதே பிள்ளைக்கு நாவில் நீர் ஊறும்.

மேடை ஏறி உபதேசம் செய்யாமல், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் வள்ளியப்பா. அதனால்தான் எழுதியவர் பெயர் மறைந்த பிறகும் பாட்டு மறையவில்லை.

பாட்டோடு அவர் நிற்கவில்லை. ஈசாப் கதைகளைப் பாடல்களாக்கினார். பாட்டிலே காந்தி கதை என்று மகாத்மாவின் வாழ்க்கையைப் பாட்டிலேயே சொன்னார். நீலா மாலா, பர்மா ரமணி, நல்ல நண்பர்கள் போன்ற கதைகளை எழுதினார். பெரிய மனிதர்கள் சிறுவர்களாக இருந்த நாள்களைச் சின்னஞ்சிறு வயதில் என்ற நூலில் தந்தார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவரது நம் நதிகள் 14 மொழிகளில் வந்தது. அவர் நூல்கள் இந்திய அரசின் பரிசையும் தமிழக அரசின் பரிசையும் பெற்றன.

மற்றவர்களையும் எழுத வைத்தவர்

தாம் மட்டும் எழுதினால் போதாது என்று அவர் நினைத்தார். குழந்தைகளுக்கு எழுதுபவரை எழுத்தாளர் வரிசையில் சேர்க்கவே தயங்கிய காலம் அது. பத்திரிகைகளில் அவர்களுக்கு மரியாதை குறைவு, வருமானமும் குறைவு. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக அவர் பெருமுயற்சி எடுத்தார். அந்தச் சங்கம் போட்டிகள் வைத்தது, பரிசு தந்தது, புத்தகக் கண்காட்சி நடத்தியது. அதன் வழியாகப் புதிதாகப் பலர் சிறுவர்களுக்கு எழுத வந்தார்கள். பூஞ்சோலை, கோகுலம் போன்ற சிறுவர் இதழ்களின் ஆசிரியர் பொறுப்பிலும் வள்ளியப்பா இருந்தார்.

மதுரையில் கடைசி நாள்

1989 மார்ச் 16. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூட்டம். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்காக வள்ளியப்பா பேசினார். பேசி முடித்த சற்று நேரத்தில் மயங்கிச் சாய்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.

எந்தக் கோரிக்கைக்காக 45 ஆண்டுகள் உழைத்தாரோ, அதைச் சொல்லிவிட்டே போனார். குழந்தைகளின் புத்தகம் பொழுதுபோக்கு அல்ல, அதுவும் இலக்கியம், படித்தவர்கள் அதை மதிக்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை.

அவர் மறைந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 முதல், இந்தியாவின் சாகித்திய அகாடமி சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. 2019இல் தமிழுக்கான அந்த விருதைப் பெற்றவர் வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பன்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்றால் பாடநூல், பயிற்சி, தேர்வு. மதிப்பெண் வந்ததும் புத்தகம் மூடப்படுகிறது. வீட்டில் தமிழ்க் கதைப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் அருகி வருகிறது. அதை மீட்க வள்ளியப்பாவை விட நல்ல தொடக்கம் இல்லை.

முதலில் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும் பாட்டுகளைப் பிள்ளைகள் முன்னால் பாடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வரி மறந்து போகலாம். பரவாயில்லை. மலரும் உள்ளம் தொகுப்பை வாங்கி, மறந்த வரியைப் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். தாத்தா மறந்ததைப் பேரன் படித்துச் சொல்லும்போது அவனுக்கு வரும் பெருமையைப் பாருங்கள்.

பாலர் பள்ளி வயதுக்குப் பாட்டுகள் போதும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஈசாப் கதைப் பாடல்கள் பொருந்தும். நான்காம் ஆண்டைத் தாண்டியவர்களுக்கு நீலா மாலா போன்ற கதையை இரவில் பத்துப் பதினைந்து நிமிடம் அப்பாவோ அம்மாவோ படித்துக் காட்டலாம். அந்தக் காலத்துக் காசு, வண்டி, ஊர்ப் பெயர்கள் வரும்போது பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். தோட்டத்து லயத்தில் நாம் வளர்ந்த கதையைச் சொல்ல அதுவே நல்ல வாய்ப்பு.

புத்தகக் கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லலாம். பள்ளி நூலகத்துக்கு அன்பளிப்பாக ஒரு படி வாங்கிக் கொடுக்கலாம். பிறந்தநாள் பரிசாகவும் தரலாம்.

மதுரையில் வள்ளியப்பா ஒரு பல்கலைக்கழகத்திடம் இடம் கேட்டார். நம் வீட்டில் அவர் புத்தகத்துக்கு இடம் கொடுக்க எந்தப் பேரவையும் கூடித் தீர்மானம் போட வேண்டியதில்லை.