தளபதி கிறாண்ட் காட்டிய ஊராண்மை

போரிலே வெல்வது அரிது. வென்றபின் பகைவனை மதிப்பது அதனினும் அரிது. வீழ்ந்த பகைவனுக்கு உதவும் பண்பை ஊராண்மை என்றார் வள்ளுவப் பெருந்தகை. அப்பண்பினைக் களத்திலே காட்டிய அமெரிக்கத் தளபதி யுலிசிஸ் கிறாண்டின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

ஒகையோ மாநிலத்திலே தோல் பதனிடுபவர் ஒருவரின் மைந்தராக 1822 இல் அவர் பிறந்தார். வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1843 இல் தேறி, மெக்சிக்கோ யுத்தத்திற் பங்குபற்றினார். 1854 இல் சேவையினின்று விலகியதும் வறுமை சூழ்ந்தது. கமஞ் செய்தார், விறகு விற்றார், ஒன்றும் கைகூடவில்லை. அந்நிலையிலும், 1859 இல், தம்மிடமிருந்த அடிமை ஒருவரை விலைக்கு விற்காது விடுதலை செய்தார். மறு ஆண்டு தந்தையாரின் தோற்கடையில் வேலைக்கமர்ந்தார்.

அடிமை முறையைக் காக்கவெனத் தென் மாநிலங்கள் பிரிந்து செல்ல, 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபடையிற் சேர்ந்த கிறாண்ட், 1862 இல் டொனல்சன் கோட்டையையும், 1863 ஜூலை 4 இல் விக்ஸ்பேர்க் நகரையும் கைப்பற்றினார். 1864 இல் ஜனாதிபதி லிங்கன் அவரை வடபடைகள் அனைத்துக்கும் தலைவராக்கினார். அவ்வாண்டு வேர்ஜீனியாப் போர்களில் அவர்தம் வீரர் பல்லாயிரவர் மடிந்தனர். கோல்ட் ஹாபரில் இட்ட தாக்குதற் கட்டளையை எண்ணி அவர் இறுதிவரை வருந்தினார்.

1865 ஏப்ரல் 9 ஆம் நாள், அப்பொமற்றொக்ஸ் என்னும் சிற்றூரிலே தென்படைத் தளபதி றொபேட் லீ சரணடைந்தார். கிறாண்ட் எவரையும் சிறையிலிட்டாரல்லர். மீண்டும் ஆயுதம் எடுப்பதில்லை என வாக்களித்தோரை வீடு செல்லவிட்டார். குதிரையுடையோர் உழவுக்கு அவற்றைக் கொண்டு செல்ல இசைந்தார். பசித்திருந்த பகைப்படைக்கு 25,000 பேருக்கான உணவு வழங்குவித்தார். தம் வீரர் தொடங்கிய வெற்றி வேட்டுக்களையும் நிறுத்துவித்தார். பின்னர் லீயைத் துரோகியென விசாரிக்க முயன்றபோது, கொடுத்த வாக்கை மீறலாகாதெனத் தடுத்தார்.

1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாக இருந்தார். நம்பியோர் சிலரின் ஊழல் அவர் ஆட்சிக்கு மாசாயிற்று. ஆயினும், விடுதலைபெற்ற கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தை 1871 இல் சட்டத்தாலும் படையாலும் ஒடுக்கினார். 1884 இல் பங்காளி ஒருவரின் மோசடியாற் பொருளனைத்தும் இழந்தார். தொண்டையிற் புற்றுநோயும் கண்டது. மனையாளை வறுமையில் விடலாகாதென நோவோடிருந்து தம் நினைவுகளை எழுதினார். முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 இல், மறைந்தார். அந்நூல் குடும்பத்தின் துயர் தீர்த்தது.

இளைஞர்காள்! நாற்பது வயதை அண்மும்வரை தோல்வியே கண்டவர் இவர். ஆதலின் தோல்வி கண்டு நாம் துவளலாகாது. வெற்றி வாய்க்குமாயின், ஓங்கிய கையைத் தாழ்த்தவும் அறிந்திருத்தல் வேண்டும். தோற்றவன் தலைநிமிர்ந்து வீடு திரும்ப வழிவிடும் வெற்றியே நாட்டை ஒன்றாக்கும்.