இந்த ட்ரீட்மென்ட் உண்மையிலேயே வேலை செய்யுதா? டாக்டர்களையே கேள்வி கேட்ட ஆர்ச்சி காக்ரேன் யார்?

இங்கிலாந்தில் புது மருந்து ஒன்று வந்தால், அதை அரசு செலவில் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல 'நைஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. மருந்து பலன் தருதா, அந்தப் பலனுக்கு இவ்வளவு செலவு தகுமா என்று அது கணக்குப் போடும். 1999-ல் இந்த அமைப்பு வருவதற்குப் பல வருஷம் முன்பே இதே கேள்விகளோடு சண்டை போட்டவர் ஆர்ச்சி காக்ரேன்.

யார் இவர்?

1909-ல் ஸ்காட்லாந்தின் கேலஷீல்ஸில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1930-களில் ஒரு ஊர்வலத்துக்குத் தனி ஆளா பதாகையோட போனார். பலன் தரும் சிகிச்சை எல்லாம் இலவசமா கிடைக்கணும் என்பது கோரிக்கை. கவனிங்க, எல்லா சிகிச்சையும் இலவசம்னு அவர் கேட்கல.

முகாமில் நடந்த சோதனை

1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் சிக்கினார். கிரீஸின் சலோனிகா முகாமில் கைதிகளுக்குக் கால் வீங்கியது. 20 பேரில் பாதிப் பேருக்கு ஈஸ்ட், மீதிப் பேருக்கு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார். ஈஸ்ட் சாப்பிட்டவர்கள் தேறினார்கள். அந்தக் கணக்கைக் காட்டியே ஜெர்மானியர்களிடம் ஈஸ்ட் வாங்கினார். போருக்குப் பின் வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்தார்.

டாக்டர்களுக்கு வைத்த டெஸ்ட்

மாரடைப்பு வந்தவர்களை இதய சிறப்புப் பிரிவில் சேர்ப்பதா, வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? இதை ஒப்பிடும் சோதனை பிரிட்டனில் நடந்தது. முதல் கட்டத்தில் வீட்டில் இருந்தவர்களில் இறப்பு கொஞ்சம் குறைவு. காக்ரேன் என்ன செய்தார் தெரியுமா? எண்களை மாற்றிப் போட்டு, ஆஸ்பத்திரிதான் நல்லது என்பது போல இதய நிபுணர்களிடம் காட்டினார். சோதனையை உடனே நிறுத்தணும், இது அநியாயம்னு கொதித்தார்கள். அப்புறம் உண்மைக் கணக்கை நீட்டி, அப்படின்னா சிறப்புப் பிரிவுகளை மூடிடலாமா என்று கேட்டார். யாரும் பேசல. சுயசரிதையில் அவரே சொன்ன சம்பவம் இது.

1972-ல் அவர் எழுதிய 'எஃபெக்டிவ்னஸ் அண்ட் எஃபிஷியன்சி' சின்ன புத்தகம்தான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடாத சிகிச்சைக்கு மக்கள் பணம் போகுதே என்பது அதில் அவரோட கோபம்.

1988-ல் இறந்தார். 1993-ல் அவர் பெயரில் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் லோகோவில் சில கோடுகள் இருக்கும். குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்குப் போடும் விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசி பற்றிய சோதனைகள் அவை. குழந்தையைக் காப்பாற்ற அது உதவும் என்ற முதல் ஆய்வு 1972-லேயே வந்துவிட்டது. எல்லா ஆய்வுகளையும் ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு வெளிவந்தது 1989-ல்தான். நடுவில் பல டாக்டர்கள் அந்த ஊசியைப் போடவே இல்லை.