பிரிட்டனில் பனி பொழியுமா? ஸ்கூடாய் மழையையும் லண்டன் குளிரையும் ஆராய்ந்த கில்பர்ட் வாக்கரின் கதை

டிசம்பர் மாதம். நீங்கள் ஸ்கூடாயில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு, மழை எப்போ விடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் படிக்கும் உங்கள் தோழியிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. அடுத்த வாரம் பனிப்பொழிவு என்று அவருடைய வானிலைச் செயலி காட்டுகிறது. ஒரே குஷி! மறுநாள் இன்னொரு ஸ்கிரீன்ஷாட். பனி போச்சு, வெறும் மழைதானாம்.

உங்கள் கவலை வெள்ளம். அவருடைய ஆசை பனி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனா, இந்த இரண்டையும் ஆட்டிவைக்கும் காற்றழுத்த மாற்றங்களுக்குப் பெயர் வைத்தவர் ஒரே மனிதர். பெயர் கில்பர்ட் வாக்கர்.

யார் இவர்?

1868-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்தார். பூமராங் எப்படித் திரும்பி வருகிறது என்று ஆராய்வதில் அவருக்கு அலாதி ஆர்வம். பின்னாளில் சிம்லாவிலும் அதை வீசிப் பார்த்திருக்கிறார். புல்லாங்குழலின் வடிவமைப்பையும் விட்டுவைக்கவில்லை. உடல்நலம் குன்றியபோது சுவிட்சர்லாந்தில் சில குளிர்காலங்களைக் கழித்தார். அங்கே பனிச்சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு உறைபனியில் சறுக்குவதில் மனதைப் பறிகொடுத்தார்.

ஆனால் வானிலை? அதில் அவருக்கு அனுபவமே கிடையாது. அப்படிப்பட்டவரைத்தான் 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக நியமித்தார்கள்.

பஞ்சம் கொடுத்த வேலை

ஏன் ஒரு கணித மேதை தேவைப்பட்டார்? காரணம் பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மழை பொய்த்தது, லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை இல்லாதபோதும் தானியம் வெளியே ஏற்றுமதியானது. ஆட்சியாளர்களின் அந்தக் கொள்கை சாவை இன்னும் கூட்டியது. 1899-ல் பருவமழை மீண்டும் பொய்த்து, இன்னொரு பெரும் பஞ்சம் வந்தது. வறுமையும் பஞ்சமும் தள்ளித்தான் அந்தக் காலத்தில் தமிழர்கள் பலர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு மழை வருமா, வராதா? சில மாதங்களுக்கு முன்பே சொல்ல முடியுமா? இதுதான் வாக்கர் கையில் கொடுக்கப்பட்ட கேள்வி.

அவருக்கு முன்னால் கோட்பாடு எதுவும் இல்லை, கணினியும் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவுப் பதிவுகளைத் திரட்டினார். இந்திய எழுத்தர்கள் பலர் கையாலேயே கணக்குப் போட்டார்கள். ஓர் ஊரில் அழுத்தம் ஏறினால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு குறிப்பேடு

நடுவில் ஒரு சின்னக் கதை. 1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலக எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்புகளை அவரிடம் காட்டினார். அந்த எழுத்தரின் மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அது தன்னுடைய துறை இல்லை என்பதை வாக்கர் மறைக்கவில்லை. ஆனாலும், இந்த இளைஞர் கவலையில்லாமல் கணிதத்தில் மட்டும் ஈடுபட வழிசெய்ய வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். சில வாரங்களில் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அந்த எழுத்தர்தான் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்.

மழையைத் தேடப்போய்...

இருபது ஆண்டு உழைப்பில் வாக்கர் தேடியது முழுசாகக் கிடைக்கவில்லை. அவருடைய சூத்திரங்கள் சில ஆண்டுகள் கைகொடுத்தன, சில ஆண்டுகள் காலை வாரின. ஆனால் கணக்குகளுக்குள்ளிருந்து வேறொன்று எட்டிப்பார்த்தது.

பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. விளையாட்டு மைதானத்தில் சீசா பார்த்திருப்பீர்கள் இல்லையா? அதே மாதிரிதான். இதற்குத் தென்மண்டல ஊசலாட்டம் என்று பெயரிட்டார். இன்று நாம் எல் நினோ, லா நினா என்று பேசுவதன் மறுபாதி இதுதான். 1997-லும் 2015-லும் எல் நினோவால் இந்தோனேசியா வறண்டது. அங்கே மூட்டிய தீ அடங்காமல் எரிய, ஜோகூர் வானத்தையும் புகை மூடியது.

இன்னொரு சீசா வட அட்லாண்டிக்கில் இருந்தது. ஒரு முனை ஐஸ்லாந்து, மறுமுனை அசோர்ஸ் தீவுகள். 1924-ல் வெளியான ஆய்வில் அதற்கும் வாக்கர் பெயர் வைத்தார்: வட அட்லாண்டிக் ஊசலாட்டம்.

அப்போ, பனி பொழியுமா பொழியாதா?

உங்கள் தோழிக்கான பதில் இந்த இரண்டாவது சீசாவில் இருக்கிறது. இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு அதிகமானால், கடலிலிருந்து மேற்குக் காற்று பலமாக வீசும். பிரிட்டனுக்கு மிதமான குளிரும் மழையும்தான். வேறுபாடு குறைந்தால் மேற்குக் காற்று தளரும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கடுங்குளிர் உள்ளே நுழையும். பனிக்கு வாய்ப்பு கூடும். 1962-63 குளிர்காலமும், 2010 டிசம்பரும் அப்படித்தான் பிரிட்டனை உறையவைத்தன.

சரி, செயலி ஏன் தினமும் பேச்சை மாற்றுகிறது? பிரிட்டனில் பனிப்பொழிவு பெரும்பாலும் விளிம்பில் நிற்கும் விஷயம். வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி மாறினாலே பனி மழையாகிவிடும். பத்து நாள் தள்ளி நடப்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல இன்றைய கணினிகளாலும் முடியாது.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்தியப் பெருங்கடலில் உருவாகும் பெரும் மழைமேகக் கூட்டங்கள் நம் வட்டாரத்தைக் கடந்து பசிபிக் பக்கம் நகரும். அவை எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து, ஏறக்குறைய பத்து நாள் கழித்து அட்லாண்டிக் சீசா எந்தப் பக்கம் சாயும் என்ற வாய்ப்பும் மாறுகிறது.

காலம் கடந்து வந்த மரியாதை

1924-ல் ஓய்வுபெற்ற வாக்கர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக இருந்தார். ஊசலாட்டங்கள் ஏன் நடக்கின்றன என்று அவரால் விளக்க முடியவில்லை. அதனால் பலர் அவரை நம்பவில்லை. 1958 நவம்பர் 4-ஆம் தேதி, 90 வயதில் அவர் காலமானபோது, பருவமழையைக் கணிக்க முயன்று தோற்றவர் என்ற பேச்சே மிஞ்சியிருந்தது.

1969-ல் நிலைமை மாறியது. பசிபிக் கடலின் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார் யாக்கப் பியர்க்னஸ். அங்கே கிழக்கிலிருந்து மேற்காக வீசி, நம் வட்டாரத்தில் மேலெழுந்து, உயரே திரும்பிச் செல்லும் காற்றுக்கு வாக்கர் சுழற்சி என்று பெயரிட்டார். 2014-ல் பிரிட்டன் வானிலை நிலையம், வட அட்லாண்டிக் ஊசலாட்டத்தைச் சில மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணிக்க முடியும் என்று காட்டியது.

உங்களுக்கு என்ன பயன்?

பருவகாலக் கணிப்பைத் திட்டவட்டமான முன்னறிவிப்பு என்று சொல்ல வாக்கர் தயங்கினார். அது வரப்போவதின் நிழல் மட்டுமே என்ற பொருளில் வேறொரு சொல்லைப் பயன்படுத்தினார். அந்த நேர்மை இன்றும் தேவை. பத்து நாள் தள்ளிக் காட்டும் பனிப் படம் ஒரு வாய்ப்புதான், வாக்குறுதி இல்லை என்று தோழியிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் இருக்கும்போது மறுபடி பார்க்கட்டும். ஜனவரி, பிப்ரவரி வரை நம்பிக்கையும் வைக்கட்டும். டிசம்பரைவிட அப்போதுதான் பிரிட்டனில் பனி அதிகம்.

ஆனா, மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு வாஸ்பாடா, புருக், பஹாயா என்று எச்சரிக்கை விடுத்தால், அதையும் வெறும் வாய்ப்புதானே என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். பனி வராவிட்டால் தோழிக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் போவது வீடும் உயிரும். வாக்கரை இந்தக் கணக்கில் இறக்கிவிட்டதும் அந்த மாதிரி ஒரு பயம்தான்.