மூதறிஞரும் பாகப்பிரிவினையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கூட்டுக் குடும்பத்தில் தம்பி பாகம் கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் கூடி முதலில் பேசுவது கிணற்றைப் பற்றித்தான். நிலத்தை அளந்து கல் நட்டுவிடலாம். கிணற்றை இரண்டாக வெட்ட முடியுமா? ஆகவே பொதுக் கிணறு, முறைத் தண்ணீர், வண்டித்தடம் என்று பாகப் பத்திரத்தில் வரி வரியாக எழுதுவார்கள். அவ்வாறு எழுதிக்கொள்ளாமல் பிரிந்த பங்காளிகள் பேரன் காலம் வரையில் நீதிமன்றப் படி ஏறுவதை நம் பகுதிக் கிராமங்களில் காணலாம்.

இந்த நியாயம் குடும்பத்துக்கு மட்டும்தானா, நாட்டுக்கும் உண்டா? பெரியதோர் அரசியல் கூட்டில் வாழும் சிறிய இனம், இனி நாங்கள் தனியே போகிறோம் என்று சொல்லுமானால், அதை விடுவதா, பிடித்து நிறுத்துவதா? உலகெங்கும் இன்றும் எழுகின்ற இக்கேள்விக்கு 1942ஆம் ஆண்டிலேயே, தம் பதவியையும் நற்பெயரையும் பணயம் வைத்து விடை கூறியவர் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்தவர். அவர்தாம் மூதறிஞர் இராஜாஜி. அவரைச் சாணக்கியர் என்று புகழ்வோர் உண்டு. குலக்கல்வித் திட்டத்தைச் சொல்லி இகழ்வோரும் உண்டு. நான் பிரிவினை என்னும் ஒரு கேள்வியைக் கை விளக்காகக் கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்க்க விழைகிறேன்.

எல்லையோரத்து இளமை

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில் உருவானது. அதற்கு முன்பு இது தருமபுரி மாவட்டம். 1965க்கு முன்பு சேலம் மாவட்டம். அந்தப் பழைய சேலம் மாவட்டத்தின் ஓசூர் வட்டத்தில், தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராஜகோபாலாச்சாரி பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யர் அவ்வூர் முன்சீப், தாயார் சிங்காரம்மா. தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் பள்ளிக் கல்வி பெற்றபின், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டமும் சென்னையில் சட்டமும் பயின்றார்.

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்வது அந்நாளில் சென்னை மாகாணத்தை விட்டு மைசூர் சமஸ்தானத்துக்குள் புகுவதாகும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புறத்தில் வளர்ந்த பிள்ளை அவர். கோடு எங்கே போட்டாலும் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் மனிதர்கள் இருப்பார்கள் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குப் புத்தகம் கற்றுத்தர வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் வரைந்த திட்டத்தில் எல்லை மாவட்டங்களுக்குத் தனி விதி ஒன்று இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஓசூர் நினைவுக்கு வருகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பொதுவாழ்வு

1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகப் பணியாற்றினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்து, வேலூர்ச் சிறை சென்றார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர்ப்பணியிலும் மதுவிலக்குப் பணியிலும் ஈடுபட்டார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையை நடத்தினார். 1933இல் அவருடைய மகள் இலட்சுமி காந்தியடிகளின் மகன் தேவதாஸை மணந்தார்.

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அக்காலத்தில் அவ்வாறே அழைத்தனர். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்ததும், ஆலய நுழைவுக்குச் சட்டம் செய்ததும் அந்த ஆட்சியின் பெருமைகள். 1938இல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது அதன் பெரும்பிழை. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருக்கும்போதே மாண்டனர். தமிழ்நாடு தமிழருக்கே என்ற முழக்கம் அந்தக் கிளர்ச்சியில்தான் பிறந்தது. கூட்டைவிட்டுப் பிரிய வேண்டும் என்ற எண்ணம் எப்படி உண்டாகிறது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மறுக்க முடியாத ஒன்றை வலிந்து திணிக்கும்போது அது முளைக்கிறது. அந்த விதையை விதைத்த கைகளுள் அவர் கையும் ஒன்று.

தனித்து நின்ற ஆண்டு

1940 மார்ச்சில் முஸ்லிம் லீக் லாகூரில் கூடி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள வடமேற்கு, வடகிழக்குப் பகுதிகள் தனி நாடுகளாக வேண்டும் என்று தீர்மானித்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவரை வந்துவிட்டன. வங்கக் கடலோரத்தில் அச்சம் பரவியது. இந்நிலையில் லீகுடன் உடன்பாடு கண்டு, ஒன்றுபட்ட தேசிய அரசை அமைத்தால்தான் ஆங்கிலேயரிடமிருந்து அதிகாரத்தைப் பெற முடியும் என்று இராஜாஜி கருதினார். பிரிவினை அவருக்கு உவப்பானதன்று. ஆனால் ஒரு பகுதி மக்கள் உறுதியாகப் பிரிய விரும்பினால் அவர்களைப் படைபலத்தால் கட்டிவைத்துக்கொண்டு சுதந்திரத்தைத் தள்ளிப்போடுவது அறிவுடைமையாகாது என்பது அவர் வாதம்.

1942 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியைக் கொண்டு அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றச் செய்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. காங்கிரஸ் காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் தம் கருத்தைத் தாமே எடுத்துரைத்தார். ஆதரித்தோர் 15 பேர்; எதிர்த்தோர் 120 பேர். ஜூலையில் காங்கிரசிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் வெளியேறினார். ஆகஸ்டுப் புரட்சியில் தோழர்கள் அனைவரும் சிறைக்குச் செல்ல, அதனை ஏற்காத இவர் வெளியே தனித்து நின்றார். தேசத்தைக் கூறுபோடத் துணிந்தவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. ஓட்டுக் குறையும் என்று அஞ்சி வாய்மூடும் தலைவர்களையே கண்டு பழகிய நமக்கு, 63 வயதில் ஒரு மனிதர் இப்படி நின்றது வியப்பளிக்கிறது.

இராஜாஜி திட்டம்

1943இல் காந்தியடிகளின் இசைவைப் பெற்று, 1944 ஏப்ரலில் ஜின்னாவின் முன் வைத்த திட்டமே இராஜாஜி திட்டம் என்று வரலாற்று நூல்களில் இடம்பெறுவது. அதன் சாரம் இதுதான். சுதந்திரக் கோரிக்கையை லீக் ஆதரித்து, இடைக்கால அரசில் ஒத்துழைக்க வேண்டும். போர் முடிந்ததும் ஒரு குழு, வடமேற்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக அடுத்தடுத்து வாழும் மாவட்டங்களை வரையறுக்கும். அம்மாவட்டங்களில் வாழும் எல்லா மக்களும், எம்மதத்தாராயினும், வாக்களித்துப் பிரிவதா இருப்பதா என்று முடிவு செய்வர். வாக்கெடுப்புக்கு முன் எல்லாக் கட்சிகளும் தம் கருத்தைப் பரப்பலாம். எல்லையோர மாவட்டங்கள் எந்த நாட்டுடன் சேர்வதென்று தாமே தெரிந்துகொள்ளலாம். பிரிவதென்று முடிவானால் பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகிய பொதுக் காரியங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மக்கள் இடம்பெயர்வது முழுக்க முழுக்க அவரவர் விருப்பப்படியே நிகழ வேண்டும்.

சேலம் நீதிமன்றங்களில் பழகிய வழக்கறிஞரின் கை இதில் தெரிகிறது. பொதுக் கிணறும் வண்டித்தடமும் எழுதப்பட்ட பாகப் பத்திரம் அல்லவா இது!

1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை பம்பாயில் ஜின்னாவின் இல்லத்தில் காந்தியடிகள் இதன் அடிப்படையில் பேசினார். பேச்சு முறிந்தது. மாவட்டங்கள் போதா, முழு மாகாணங்கள் வேண்டும். முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்க வேண்டும். ஆங்கிலேயர் வெளியேறுமுன் பிரிவினை நடக்க வேண்டும் என்பன ஜின்னாவின் நிலைகள்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1947இல் பிரிவினை வந்தே தீர்ந்தது. ஜின்னா வேண்டாமென்று தள்ளியவாறே பஞ்சாபும் வங்காளமும் துண்டாயின. காங்கிரஸ் வேண்டாமென்று தள்ளிய பிரிவினையைக் காங்கிரசும் ஏற்றது. ஆனால் திட்டத்தின் நல்ல பகுதிகள் காற்றில் போயின. மக்கள் நேரில் வாக்களித்தது எல்லைப்புற மாகாணத்திலும் சில்ஹெட்டிலும் மட்டுமே. அதற்குமுன் இந்தியாவுக்கே வந்திராத ராட்கிளிஃப், ஐந்து வாரங்களில் எல்லை வகுத்தார். அக்கோடு சுதந்திரத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17இல் வெளியாயிற்று. தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அறியாமலே பல ஊரார் விடுதலை நாளைக் கொண்டாடினர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். பல இலட்சம் உயிர்கள் மாண்டன. 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாப் கால்வாய் நீரை நிறுத்தியபோது, பொதுக் கிணற்றை எழுதிக்கொள்ளாத குறை வெளிப்பட்டது. சிந்து நதி ஒப்பந்தம் 1960இல்தான் கையெழுத்தாயிற்று. 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்திவைத்தது.

பிரிவினையை முன்னரே சொல்லி வசைபெற்றவரே, 1947 ஆகஸ்டு 15இல் வெட்டுண்ட வங்காளத்தின் மேற்குப் பாதிக்கு ஆளுநரானார். அகதிகள் நிறைந்த கல்கத்தாவில் அவர் பணி தொடங்கியது. பின்னர் 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கினார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியரும் அவரே, கடைசியானவரும் அவரே.

குறைகளும் நிறைகளும்

1952இல் சென்னை மாநில முதலமைச்சரானார். 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொணர்ந்தார். எதிர்ப்பு வெடித்தது. 1954இல் பதவி விலகினார். காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்திட்டம் நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் கையில் பேனா இருந்திருக்குமா என்பது ஐயமே. பிரிய விரும்பும் மாவட்டத்துக்குத் தன் வழியைத் தேரும் உரிமையை வழங்கத் துணிந்தவர், ஏழைக் குடியானவன் பிள்ளைக்கு அதே உரிமையை வழங்கத் தவறினார். இதை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கே பெருமையாகாது.

ஆயினும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. கட்டாய இந்தியைக் கொணர்ந்தவரே 1950களின் இறுதியில் இந்தியை ஆட்சிமொழியாக்குவதைக் கடுமையாக எதிர்த்தார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, டில்லியில் அதிகாரம் குவிவதைச் சாடினார். திராவிட நாடு கோரிக்கையை அறிஞர் அண்ணா 1963இல் கைவிட்டு, மாநிலங்களுக்கு அதிக உரிமை என்ற பாதையில் சென்றார். 1967 தேர்தலில் இராஜாஜி அவருடன் கூட்டுச் சேர்ந்தார். 1964இல் சிறையிலிருந்து விடுதலையான ஷேக் அப்துல்லா காஷ்மீர்ச் சிக்கலுக்கு வழி தேடிச் சென்னைக்கு வந்து சந்தித்ததும் இம்முதியவரைத்தான். அம்மாத இறுதியில் நேரு மறையவே, அம்முயற்சி நின்றது. 1971இல் பாகிஸ்தானே இரண்டாகி வங்கதேசம் பிறந்ததையும் கண்டுவிட்டு, 1972 டிசம்பர் 25ஆம் நாள் தமது 94ஆம் வயதில் கண்மூடினார்.

நமக்கு என்ன?

சிறிய இனம் பெரிய கூட்டைவிட்டுப் பிரியலாமா? எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்றே எண்ணுகிறேன். ஆனால் கேட்கும் முறை ஒன்று உண்டு. 2014இல் ஸ்காட்லாந்தில் அங்கு வாழ்வோர் பிறப்பிடம் பாராமல் வாக்களித்தனர். நூற்றுக்கு 55 பேர் கூட்டிலேயே இருப்போம் என்றனர். துப்பாக்கி முழங்கவில்லை. 2011இல் தெற்கு சூடான் ஏறத்தாழ ஒருமனதாகப் பிரிவதற்கு வாக்களித்தது. ஆனால் எண்ணெய்க் குழாய் வடக்கு வழியே செல்வதற்கான கட்டணம் முடிவாகாததால் மறு ஆண்டே எண்ணெய் எடுப்பு நின்றது. முன்னதில் எல்லாரையும் கேட்டார்கள். பின்னதில் கிணற்றை எழுத மறந்தார்கள்.

இராஜாஜி திட்டத்திலும் ஒரு குறை உண்டு. ஒரு மாவட்டத்தில் 51 பேர் பிரிவோம் என்றால் மற்ற 49 பேரின் கதி என்ன? விரும்பினால் போகலாம், விரும்பினால் இருக்கலாம் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். இருப்பவர்களை யார் காப்பது என்பதற்கு விடை அதில் இல்லை.

2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலால் பேருந்துகள் ஓசூரோடு நின்றபோது, குழந்தையையும் மூட்டையையும் சுமந்துகொண்டு மக்கள் அத்திப்பள்ளி எல்லையை நடந்தே கடந்தனர். ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்கே அந்த நிலை. ஆகவே பிரிவோம் என்போரும், விடமாட்டோம் என்போரும் தலைநகரங்களில் முழங்குவதற்கு முன், கோட்டின் மேல் குடியிருப்பவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவனைக் கேட்கச் சொன்னதுதான் அத்திட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய வீட்டை அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. ஓசூர்ப் பக்கம் செல்லும் நண்பர்கள் ஒருமுறை சென்று பாருங்கள். அவரோடு உடன்பட வேண்டுமென்பதில்லை. 120 பேருக்கு எதிரே 15 பேரோடு நின்று பேசிய ஒரு மனிதரிடம் வாதாடிப் பார்ப்பதும் ஒரு கல்விதான்.