கூலி கேட்ட அரசி

விம்பிள்டன் போட்டிகள் தொடங்கிவிட்டால் நண்பர்களிடையே இரண்டு பேச்சுத்தான் காதில் விழும். யார் வெல்வார் என்பது ஒன்று. வென்றவருக்கு எத்தனை கோடி என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பேச்சுக்கு ஒரு காலத்தில் அந்த மைதானத்தில் இடமே இல்லை. ஆடுவோர் பணத்தைப் பற்றி வாய் திறப்பதே இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. அந்தக் காலத்தில் வாய் திறந்து கேட்ட ஒரு பெண்ணின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வந்தேன். அவர் பெயர் சூசான் லெங்லென். பிரெஞ்சு நாட்டவர்.

1899ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாரிஸில் சூசான் பிறந்தாள். தந்தை சார்ல் லெங்லென் வசதி உடையவர். குழந்தையோ நோஞ்சான், மூச்சுத் திணறல் அடிக்கடி வாட்டியது. திறந்த வெளியில் ஓடியாடினால் உடம்பு தேறும் என்று எண்ணிய தந்தை, 1910இல் ஒரு டென்னிஸ் மட்டையை வாங்கி மகள் கையில் கொடுத்தார். மருந்தாக வந்த மட்டை வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. குளிர்காலத்தில் குடும்பம் தென் பிரான்சின் நீஸ் நகருக்குப் போய்விடும். அங்கே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் கூடுவர். தந்தை அவர்களது ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பார். பார்த்ததை மகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆடுகளத்தில் ஒரு கைக்குட்டையை விரித்துப் போட்டு, பந்து அதன்மேல் விழவேண்டும் என்பார். விழுந்தால் கைக்குட்டை வேறு மூலைக்கு நகரும். தவறினால் கடுஞ்சொல். பிறர் முன்னிலையிலும் திட்டத் தயங்கமாட்டார். அந்தப் பயிற்சியை நான் மெச்சவும் இயலவில்லை, முற்றாகப் பழிக்கவும் இயலவில்லை. பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் வித்தை அதனால்தான் கைவந்தது. பிற்காலத்தில் நரம்புகள் சட்டென்று அறுந்துபோகும் அந்தப் படபடப்பும் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

மட்டையைத் தொட்ட நான்காவது ஆண்டில், 1914இல், பாரிஸுக்கு அருகே நடந்த உலகக் களிமண்தரைப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டம் அவளுக்குக் கிடைத்தது. வயது பதினைந்து! அடுத்த சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. ஐந்தாண்டு போயிற்று.

போர் ஓய்ந்தபின் 1919இல் சூசான் முதன்முறையாக விம்பிள்டனுக்கு வந்தார். புல்தரையில் பெரிய போட்டி ஆடுவதே அவருக்குப் புதிது. அந்நாளில் சென்ற முறை பட்டம் பெற்றவர் மற்றச் சுற்றுகளில் ஆடவேண்டியதில்லை. இறுதியில் வந்து நின்றால் போதும். அப்படி வந்து நின்றவர் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏழு முறை வென்றவர், நாற்பது வயதினர். எதிரே நின்றவருக்கு இருபது. அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆங்கில அம்மையார் கணுக்காலை மறைக்கும் நீண்ட பாவாடையில் ஆடினார். பிரெஞ்சுப் பெண்ணோ முழங்கை தெரியும் மெல்லிய உடையில், நாட்டியக்காரி போலத் தாவினார். அந்த உடையைக் கண்டே பலர் முகம் சுளித்தனர். முதல் செட் சூசானுக்கு, 10-8. இரண்டாவது அம்மையாருக்கு, 6-4. மூன்றாவதில் அம்மையார் 6-5 என்று முந்திவிட்டார். ஒரே புள்ளி எடுத்தால் பட்டம் அவருடையது. அப்படிப்பட்ட வாய்ப்பு இரண்டு முறை வந்தது. ஒருமுறை சூசானின் மட்டை விளிம்பு மரத்தில் பட்ட பந்து, எப்படியோ வலையைத் தாண்டி அப்பால் விழுந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அதற்குப் பிறகு 9-7 என்று முடித்தது அதிர்ஷ்டம் அன்று. இடைவேளைகளில் தந்தை மகளுக்குப் பிராந்தி கொடுத்துத் தெம்பூட்டினார் என்பதும் அன்றைய பேச்சு.

அதன்பின் ஏழாண்டு அவர் காலந்தான். 1919 முதல் 1923 வரை ஐந்து, 1925இல் ஒன்று என விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் ஆறு. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையரில் தங்கம், கலப்பு இரட்டையரில் தங்கம், மகளிர் இரட்டையரில் வெண்கலம். 1925 விம்பிள்டனில் ஒற்றையர் போட்டி முழுவதிலும் எதிரிகளுக்கு அவர் விட்டுக்கொடுத்தது ஐந்தே கேம்கள். இந்தக் காலத்தில் ஒற்றையரில் அவர் பெற்ற தோல்வி ஒன்றே ஒன்று. 1921இல் அமெரிக்காவில் மோலா மல்லரியிடம் முதல் செட்டை இழந்தபின், இருமிக்கொண்டே பாதியில் வெளியேறினார். கூட்டம் கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மல்லரியை 26 நிமிடங்களில், 6-2, 6-0 என்று வீழ்த்திக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

அவர் ஆட்டத்தைக் காண மக்கள் அலை அலையாக வந்தனர். விம்பிள்டனின் பழைய மைதானம் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை. 1922இல் சர்ச் ரோட்டில், சுமார் 14,000 பேர் காணக்கூடிய நடுக்களத்துடன் புதிய மைதானம் திறக்கப்பட்டது. இன்றும் அதே இடத்தில்தான் போட்டி நடக்கிறது. அதைக் கட்டவைத்ததில் சூசானின் பங்கு பெரிது. ஆனால் நுழைவுச் சீட்டு விற்ற பணத்தில் ஒரு காசும் அவரைச் சேரவில்லை. ஆடுவோர் 'அமெச்சூர்'களாக இருக்கவேண்டும், பரிசுப் பணம் தொடக்கூடாது என்பது விதி. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றபோதுகூட இந்த விதிதான் இருந்தது.

1926 பிப்ரவரியில் கான் நகரில் நடந்த ஓர் ஆட்டம் இந்த நிலையை நன்கு காட்டும். அமெரிக்காவின் ஹெலன் வில்ஸ், வயது இருபது, சூசானை எதிர்த்து ஆட வந்திருந்தார். சீட்டுகள் கள்ளச் சந்தையில் விலை ஏறின. இடம் கிடைக்காதவர்கள் மரங்களிலும் கூரைகளிலும் ஏறி நின்றனர். முதல் செட் 6-3. இரண்டாவதில் சூசான் வெற்றியின் வாயிலில் நின்றபோது, வில்ஸ் அடித்த பந்து வெளியே என்று ஒரு குரல் எழுந்தது. ஆட்டம் முடிந்ததென்று இருவரும் கைகுலுக்கினர். உடனே கோட்டு நடுவர் வந்து, குரல் தம்முடையது அன்று, கூட்டத்திலிருந்து வந்தது, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். கைகுலுக்கியபின் மீண்டும் மட்டையைத் தூக்குவது எவ்வளவு கடினம்! வில்ஸ் சமன் செய்தார். ஆயினும் சூசான் 8-6 என்று முடித்தார், முடித்தபின் அழுதார். பலர் பையில் பணம் சேர்ந்த அந்த ஆட்டத்தில் ஆடிய இருவருக்கும் ஊதியம் இல்லை. அவர்கள் இருவரும் எதிரெதிரே ஒற்றையர் ஆடியது அந்த ஒருமுறைதான்.

அதே ஆண்டு விம்பிள்டனில் வினை வந்தது. ஒருநாள் ஆட்ட நேரம் பற்றிய குழப்பத்தில் சூசான் தாமதமாக வந்து சேர்ந்தார். அரங்கில் அரசி மேரி காத்திருந்தார். அதிகாரிகள் கடிந்துகொள்ள, இவர் உடைமாற்றும் அறையில் புகுந்துகொண்டு வர மறுத்துவிட்டார். அரசியை அவமதித்தார் என்று செய்தி பரவியது. ஏழாண்டு கைதட்டிய கூட்டம் இப்போது முறைத்தது. சில நாட்களில் போட்டியிலிருந்தே விலகினார். விம்பிள்டனுக்கு மீண்டும் ஆட வரவேயில்லை. குற்றம் முழுவதும் அதிகாரிகளுடையது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு முன்கோபம் உண்டு. செல்லம் கொடுத்துக் கெட்ட குணமும் உண்டு.

அவ்வாண்டே அமெரிக்காவின் சி. சி. பைல் என்பவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். தொகை 50,000 டாலர். அக்டோபரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பயணம் தொடங்கியது. முன்னாள் அமெரிக்க வெற்றியாளர் மேரி பிரௌனோடு ஊர் ஊராக ஆடினார். 38 ஆட்டம், 38இலும் வெற்றி. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பெரிய மனிதர்கள் பொங்கினர். விம்பிள்டன் சங்கம் தான் தந்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்தது. சூசான் சளைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம் ஆட்டத்தால் பிறர் பெருந்தொகை ஈட்டினர் என்றும், தாம் வாழ்க்கைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை என்றும், இந்த விதியின்படி செல்வர் வீட்டுப் பிள்ளைகளே போட்டியிட முடியும் என்றும் அவர் வாதாடினார். இதற்கு நேரான பதிலை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு விம்பிள்டன் கதவு திறந்தது 1968இல்.

பிற்காலத்தில் பாரிஸில் டென்னிஸ் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1938 கோடையில் நோய் முற்றியது. ஜூலை 2இல் ஹெலன் வில்ஸ் விம்பிள்டனில் தம் எட்டாவது ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஜூலை 4இல் சூசான் பாரிஸில் காலமானார். வயது முப்பத்தொன்பது. பாரிஸில் ரோலான் காரோஸ் மைதானத்தின் இரண்டாவது பெரிய ஆடுகளம் 1997 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே மகளிர் ஒற்றையரில் வெல்பவர் ஏந்தும் கோப்பையும் சூசான் லெங்லென் கோப்பைதான்.