படையில்லாத மார்ஷல்

தென் திருவிதாங்கூரின் பள்ளியாடியில் 1895 ஜூன் 12-ஆம் நாள் பிறந்தவர் அ. நேசமணி. நாகர்கோவிலில் வக்கீல் தொழில் நடத்தினார். அந்நாளில் நீதிமன்றத்தில் மேல்ஜாதி வக்கீல்களுக்கு நாற்காலியும், மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்ததாகவும், அந்த முக்காலிகளை அவர் உதைத்துத் தள்ளி வழக்கத்தையே மாற்றியதாகவும் கூறுவர். பின்னாளில் அவர் பேச்சுக்குக் கிடைத்த மதிப்பு, இத்தகைய செயல்களால் வந்தது.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக, தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கப் போராடினார். எல்லைக்கோடும் ஜனத்தொகைக் கணக்கும் அதிகாரிகளின் காரியம். அவற்றுக்காக ஏழை எளியவர் தடியடி படமாட்டார்கள். ஆனால் அதே கோரிக்கை 'விடுதலை' என்றும் 'தாய்த் தமிழகம்' என்றும் பெயர் பெற்றபோது, ஊர் ஊராக மக்கள் திரண்டனர். அன்பினால் அவரை 'மார்ஷல்' என்றழைத்தனர். பட்டாளத்தில் சேராத வக்கீலுக்கு ஒரு தளபதியின் அதிகாரம் வந்து சேர்ந்தது.

1954 ஜூலையில் தேவிகுளம் பகுதியில் தடையுத்தரவை மீறிக் கைதானார். ஆகஸ்ட் 11 விடுதலை நாளாக அனுசரிக்கப்பட்டது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அப்போது ஆட்சியிலிருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. ஒரு சொல்லின் பின்னே திரண்டவர்கள் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தனர்.

1955-ல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை தந்தது. உணர்ச்சி அங்கே எடுபடவில்லை. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையினர் என்றாலும், தோட்டத் தொழிலாளரில் பலர் வந்து போகிறவர்கள் என்று கமிஷன் கருதியது. மலைப்பகுதியின் பொருளாதார முக்கியத்துவத்தையும் எண்ணிப் பார்த்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியுடன் சேர்ந்தது. பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்திலேயே நின்றன.

குமரி மக்கள் அவரைக் குமரித் தந்தை எனப் போற்றினர். நாகர்கோவிலின் மக்களவை உறுப்பினராக இருந்தபோதே 1968 ஜூன் 1-ல் நேசமணி காலமானார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் அத்தொகுதியில் காமராஜர் வென்றார்.

உணர்ச்சிமிக்க சொல் கூட்டத்தைச் சேர்க்கும், தலைவனை உயர்த்தும். எல்லையை நகர்த்தக் கணக்கும் சாட்சியும் வேண்டும். குமரியில் இரண்டும் கூடின. பீர்மேட்டுத் தேயிலை மலைகளில் கூடவில்லை. அதனால் கொழுந்து பறித்த தமிழர், இருந்த இடத்திலேயே, வேறு மாநிலத்துச் சிறுபான்மையினர் ஆயினர்.